அத்தியாயம் 7: கணக்குக் கேட்கும் ரசிகர்

முந்தைய அத்தியாயங்களில் கேமைச் செய்து முடித்தீர்கள், விலை வைத்தீர்கள், ஸ்டீமில் ஏற்றினீர்கள். இனி வருவது அதை வாங்கியவர்களோடு வாழும் காலம். ஜொகூரின் ஸ்கூடாயிலோ மவுண்ட் ஆஸ்டினிலோ ஒரு கடைவீட்டின் மாடியில் நான்கைந்து பேராக உட்கார்ந்து வருடக்கணக்கில் உழைத்த குழுவுக்கு இதுதான் கடினமான பகுதி. யூடிஎம்மில் நிரல் எழுதக் கற்றிருப்பீர்கள், இஸ்கண்டார் புத்ரியில் அனிமேஷன் படித்திருப்பீர்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒரே நாளில் உங்கள் வேலையைத் திட்டும்போது என்ன செய்வது என்பதற்கு எந்தப் பாடத்திலும் பயிற்சி கிடைத்திருக்காது.

இந்த அத்தியாயம் ஒரே கருத்தின்மேல் நிற்கிறது. குறை சொல்லும் ரசிகர் உங்களிடம் கணக்குக் கேட்கிறார். அவர் பணம் கொடுத்தார், அதைவிடப் பெரிதாக நேரம் கொடுத்தார், நீங்கள் சொன்னதை நம்பினார். சொன்னதில் எவ்வளவு வந்தது, வராதது எப்போது வரும், வரவே வராதென்றால் ஏன் வராது? எவ்வளவு காரமான வார்த்தையில் வந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி இதுதான். கணக்குக் கேட்பவருக்குக் கணக்கைச் சொன்னால் அவர் தங்குவார். மனம் புண்பட்டுவிட்டதாக நீங்கள் பதில் எழுதினால் அவர் போய்விடுவார், போகும்போது தன்னைப் போன்ற பத்துப் பேரையும் அழைத்துக்கொண்டு போவார்.

முதல் இரண்டு மணி நேரம்

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015 ஜூனிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. எரிச்சல்பட்டவர்களில் பலர் இந்த வாசல் வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்பது பல நேரம் உங்களுக்கு விவரமாகத் தெரியாது. இரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் இருந்து, நேரம் ஒதுக்கி நீளமாகக் குறை எழுதுகிறவர் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் எழுதுகிறார். இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விமர்சனத்தின் அருகிலும் அவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று ஸ்டீம் காட்டும். வார்த்தைகளைப் படிக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் வந்த கோபம் பெரும்பாலும் கேம் திறக்கவில்லை, எழுத்து படிக்க முடியாத அளவு சிறியது, பழைய லேப்டாப்பில் ஓடவில்லை என்பதைப் பற்றி இருக்கும். அதை அன்றே சரிசெய்யலாம், சரிசெய்ய வேண்டும். எண்பது மணி நேரம் விளையாடியவரின் கோபம் வேறு வகை. அவருக்கு உங்கள் கேமின் மூலை முடுக்கெல்லாம் தெரியும். போன அப்டேட்டில் ஓர் ஆயுதத்தின் பலத்தை நீங்கள் குறைத்ததால் தான் இரண்டு மாதம் சேர்த்ததெல்லாம் வீணானதாக அவர் எழுதினால், அநேகமாக அது உண்மையாக இருக்கும். இவருக்கு அவசரப்பட்டுப் பதில் எழுதாதீர்கள். அவர் சொன்னதை உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சாதகமான விமர்சனங்கள் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இறங்கினால் உங்கள் கேமின்மேல் ‘கலவையான வரவேற்பு’ என்ற முத்திரை விழும், அதன் நிறமும் மாறும். வாங்க வந்தவர் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேமுக்குப் போய்விடுவார். ஆகவே கேமைப் பற்றி வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியதைக் கடைப்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’ நம் எல்லோருக்கும் பெருமை தந்த கேம். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொன்னது, 2024இல் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுகக் கேமாகத் தேர்வானது. ஆனால் ஒரே மாலையில் விளையாடி முடித்துவிடலாம். சீக்கிரம் முடிந்துவிட்டதே என்ற குறை அதன்மேலும் வந்தது. சிறிய கேம் செய்வதில் தவறே இல்லை. சிறியது என்பதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்ள விடக்கூடாது, அவ்வளவுதான்.

சொன்ன சொல்

நம் நாட்டிலிருந்தே எடுத்துப் படிக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. மலேசியாவின் மேக்னஸ் கேம்ஸ் 2017இல் ‘ரீ:லெஜண்ட்’ என்ற கேமுக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி கேட்டது. கேட்டது 70,000 சிங்கப்பூர் டாலர். வந்தது 6 லட்சத்துக்கும் மேல். பயிர் செய்வது, மீன் பிடிப்பது, விலங்குகளைப் பழக்குவது, சண்டை போடுவது, ஊரைக் கட்டியெழுப்புவது, இத்தனையும் நண்பர்களோடு சேர்ந்து செய்வது என்று ஒரு பெரிய கனவை அவர்கள் காட்டினார்கள். உலகம் முழுவதும் ரசிகர்கள் நம்பிப் பணம் கொடுத்தார்கள். இந்த வட்டாரத்திலிருந்து ஒரு குழு அப்படி நம்பப்பட்டது இன்றும் பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

2019 ஆகஸ்டில் கேம் முழுமையடையாத நிலையிலேயே ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. முழு வெளியீடு 2022 செப்டம்பரில். பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் ஐந்து வருடம். பதினைந்து வயதில் பணம் கட்டிய பையனுக்கு முழுக் கேமும் கைக்கு வந்தபோது இருபது வயது. இடையில் அப்டேட் தாமதம், பிழைகள், சேர்ந்து விளையாடும் வசதி பற்றிய ஏமாற்றம் என்று குறைகள் குவிந்தன. முடிவில் கிடைத்தது பாராட்டும் குறையும் கலந்த வரவேற்பு. அந்தக் குழு உழைக்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இத்தனை அம்சங்களை ஒரு சிறு குழு ஒரே கேமில் கொண்டுவந்தது சாதாரண வேலை அல்ல.

கூடுதல் தொகை வந்தால் கூடுதல் அம்சம் என்ற ஏணியில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. பணம் ஏறுகிற வேகத்தில் வாக்குறுதியும் ஏறுகிறது. ஆனால் ஓர் அம்சத்தைச் சேர்த்தால் ஒரு பங்கு வேலைதான் கூடும் என்பது தப்புக்கணக்கு. நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம் என்று சொன்ன கணத்தில் பயிர், மீன், சண்டை, ஊர் எல்லாவற்றையும் நான்கு பேருக்காகத் திரும்ப எழுத வேண்டும், திரும்பச் சோதிக்க வேண்டும். ஒருவர் தூங்கப் போகும்போது மற்றவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தால் பொழுது விடியுமா, விடியாதா? இப்படி ஒவ்வொரு மூலையிலும் ஒரு கேள்வி முளைக்கும்.

ஆகவே நிதி கேட்கும் முன்பே ஏணியின் உச்சியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கூடுதல் தொகைக்கு மற்ற எதையும் தொடாத பொருள்களை மட்டும் வையுங்கள்: கூடுதல் இசை, கூடுதல் உடைகள், இன்னொரு மொழியில் மொழிபெயர்ப்பு, அச்சிட்ட ஓவியநூல். சேர்ந்து விளையாடுவது, புதிய கருவிகளுக்கு மாற்றுவது இரண்டையும் அந்த ஏணியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். முழுமையடையாத கேமை விற்பதற்கு ஸ்டீம் வைத்திருக்கும் விதிகளிலும் எதிர்காலத்தைப் பற்றிக் குறிப்பான வாக்குறுதி தர வேண்டாம் என்றுதான் இருக்கிறது. வாங்குபவர் இன்று இருக்கிற நிலையைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அதன் பொருள். செய்து முடித்ததை மட்டும் காட்டுங்கள். செய்துகொண்டிருப்பதைப் பற்றிப் பேசினால் தேதி இல்லாமல் பேசுங்கள். செய்ய நினைப்பதை உங்கள் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதா, வாயை மூடிக்கொண்டு வேலை செய்வதா

பிரச்சினை பெரிதாக வெடித்த பிறகு இரண்டு வழிகள் உலகத்தில் வென்றிருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள இரண்டையும் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் 2010 செப்டம்பர் 30 அன்று ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ஐ வெளியிட்டது. மாதச் சந்தா கட்டி விளையாட வேண்டிய இணைய கேம். வெளிவந்த நாளிலிருந்தே வசை. மெதுவாக ஓடியது, ஒரே பாறையும் ஒரே மரமும் திரும்பத் திரும்ப வந்தன, என்ன செய்வதென்றே ஆட்டக்காரருக்குப் புரியவில்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, சந்தா வாங்குவதை நிறுத்தி வைத்தது, டிசம்பரில் பொறுப்பை நவோகி யோஷிதாவிடம் கொடுத்தது. அவர் இரண்டு வேலைகளை ஒன்றாக நடத்தினார். ஓடிக்கொண்டிருந்த பழைய கேமை மாதாமாதம் செப்பனிட்டார், பக்கத்திலேயே அதே கேமை அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டச் செய்தார். கூடவே ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். என்ன தவறு நடந்தது, எதை மாற்றப் போகிறோம், எதை மாற்ற முடியாது என்று வெளிப்படையாக எழுதினார். பிறகு அது நேரலைப் பேச்சாக மாறி இன்றுவரை தொடர்கிறது. பழைய கேமை 2012 நவம்பரில் மூடியபோதுகூட வெறுமனே சர்வரை அணைக்கவில்லை. கதைக்குள்ளேயே வானத்திலிருந்து ஒரு நிலா விழுந்து அந்த உலகம் அழிவதாக அமைத்தார்கள். கடைசிவரை இருந்தவர்களுக்கு அது ஒரு மரியாதை. புதிய வடிவம் 2013 ஆகஸ்ட் 27 அன்று வந்தது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பின்னால் வருகிறது. 2021 டிசம்பரில் அதன் விரிவாக்கம் வெளிவந்தபோது கூட்டம் தாங்காமல் ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். யோஷிதா ஏன் வரிசை, கூடுதல் சர்வர் வாங்க ஏன் முடியவில்லை என்று உலக அளவில் இருந்த சிப் தட்டுப்பாடு உட்பட விளக்கி எழுதினார். முதலில் 7 நாள், பிறகு 14 நாள் விளையாட்டு நேரத்தை இலவசமாகக் கொடுத்தார். புதிதாக விற்பதையே சில வாரம் நிறுத்தினார். பத்து வருடக் கணக்கு நேராக இருந்ததால் அந்த விளக்கத்தை ஆட்டக்காரர்கள் நம்பினார்கள்.

இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் மறுவழியில் போனது. சிறிய குழு. 2016 ஆகஸ்டில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வெளிவந்தது. தலைவர் ஷான் முர்ரே பேட்டிகளில் சொன்ன பல அம்சங்கள் கேமில் இல்லை. முதல் நாளே இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. கோபம் கொலைமிரட்டல் வரை போனது, விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வரை புகார் போனது. அந்தப் புகார் தள்ளுபடியானது. குழு ஏறக்குறைய முழு மௌனத்தில் இறங்கியது. 2016 நவம்பரில் ஒரு பெரிய அப்டேட் வந்தது, 2018 ஜூலையில் இன்னொன்று வந்தது, அதில்தான் ஒருவரையொருவர் பார்த்துச் சேர்ந்து விளையாட முடிந்தது. எல்லாம் இலவசம். 2024 நவம்பரில், வெளிவந்து எட்டு வருடம் கழித்து, ஸ்டீமில் அதன் மொத்த மதிப்பீடு ‘மிகவும் சாதகம்’ என்ற நிலைக்கு ஏறியது.

மௌனம் அழகான வழியாகத் தோன்றும். ஆனால் ஹலோ கேம்ஸ் மௌனமாக இருக்க முடிந்ததற்குக் காரணம் அந்தக் கேம் வெளியான வாரத்திலேயே பெருமளவில் விற்றதுதான். வருடக்கணக்கில் சம்பளம் கொடுக்கப் பணம் கையில் இருந்தது. ஜொகூர் பாருவில் மாத வாடகையும் சம்பளமும் அடுத்த மாத விற்பனையை நம்பி இருக்கும் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் மூன்று மாதம் பேசாமல் இருந்தால் கடை மூடிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே யோஷிதாவின் வழியைச் சிறிதாக்கி எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு கடிதம் போதும். நல்ல செய்தி இல்லாத மாதமும் எழுதுங்கள். ‘இந்த மாதம் ஒன்றும் முடியவில்லை, ஏனென்றால் சேமிப்புக் கோப்புப் பிழை எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தது’ என்ற இரண்டு வரி, மௌனத்தைவிட எத்தனையோ மடங்கு மேல்.

குறையைக் கேட்பது

ஆட்டக்காரர் எங்கே வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே செய்துவிடாதீர்கள். மூன்றாவது கட்டத்தின் அரக்கனுக்கு உயிர் அதிகம், பாதியாகக் குறையுங்கள் என்று ஐம்பது பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்களே உட்கார்ந்து தோற்றுப் பாருங்கள். தோற்ற ஒவ்வொரு முறையும் அரக்கனிடம் திரும்பப் போக நான்கு நிமிடம் நடக்க வேண்டியிருப்பதுதான் உண்மையான எரிச்சலாக இருக்கலாம். சேமிக்கும் இடத்தை அறை வாசலுக்கு மாற்றினால் அரக்கனைத் தொடாமலேயே புகார் அடங்கிவிடும். உயிரைப் பாதியாக்கியிருந்தால் அந்தச் சண்டைக்காகவே கேமை நேசித்த வேறு ஐம்பது பேர் எழுதியிருப்பார்கள்.

ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். புகார், விளையாடிய நேரம், எந்தப் பதிப்பு, எந்த மொழி, எத்தனை பேர் சொன்னார்கள் என்று எழுதி வாருங்கள். சத்தமாக எழுதும் ஒருவர் பத்து முறை எழுதியிருக்கலாம். அமைதியான பத்துப் பேர் ஆளுக்கு ஒரு முறை எழுதியிருக்கலாம். தாளில் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும்.

மொழி விஷயத்தில் ஜொகூர்க் குழுக்களுக்கு ஒரு பலம் உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. ஒரே மேசையில் மலாய், தமிழ், மாண்டரின், ஆங்கிலம் நான்கும் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சீன மொழியில் வரும் விமர்சனங்களை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிக்கும் ஐரோப்பியக் குழு, கிண்டலைப் பாராட்டாகவும் பாராட்டைக் கிண்டலாகவும் எடுத்துக்கொள்ளும். உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவரவர் மொழி விமர்சனத்தை அவரவர் உரக்கப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். செலவே இல்லாத வேலை இது.

பதில் எழுதும் விதம்

குளுவாங்கிலிருந்து ஒரு பையன் இப்படி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“அண்ணே, நேத்து அப்டேட் போட்டதும் சேவ் எல்லாம் போயிருச்சு. நாப்பது மணி நேரம் விளையாடினது. இப்படியா கேம் செய்றது?”

‘உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் குழு இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளும்’ என்று பதில் போட்டால் அவன் கோபம் இரட்டிப்பாகும், அதில் நியாயமும் இருக்கிறது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

“தம்பி, நாப்பது மணி நேரம் போனது எங்க தப்புதான், மன்னிச்சுக்குங்க. நேத்துப் போட்ட 1.3 அப்டேட் பழைய சேவ் ஃபைலைப் படிக்கிற இடத்துல கோளாறு. ஃபைல் அழியல, பெயர் மாறி உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. கேமைத் திறக்காம அப்படியே விட்டுருங்க. நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள சரிபண்ற அப்டேட் வரும். வரலன்னாலும் எட்டு மணிக்கு நானே எழுதுறேன்.”

தவறு யாருடையது, என்ன நடந்தது, இப்போது அவன் என்ன செய்ய வேண்டும், அடுத்து எப்போது செய்தி வரும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. கடைசி வாக்கியம்தான் மிக முக்கியம். வேலை முடியாவிட்டாலும் எழுதுவேன் என்ற வாக்கை உங்களால் எந்த நிலையிலும் காப்பாற்ற முடியும். எட்டு மணிக்கு எழுதுங்கள். எட்டரை ஆகக்கூடாது.

நேரத்தைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. ஸ்டீமின் நாள் மாறுவது அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு. நமக்கு அது அங்கே கோடையானால் நள்ளிரவு தாண்டி 1 மணி, குளிர்காலமானால் 2 மணி. நீங்கள் மாலை ஆறு மணிக்கு அப்டேட் போட்டுவிட்டு மாமாக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினால், அமெரிக்க ஆட்டக்காரர் எழுந்து பிழையைக் கண்டுபிடித்துத் திட்டி முடிக்கும்வரை உங்களிடமிருந்து ஒரு வார்த்தையும் வராது. செவ்வாய் அல்லது புதன் காலை பத்து மணிக்குப் போடுங்கள். அன்று முழுவதும் நம் வட்டாரத்து ஆட்டக்காரர்கள் விளையாடிப் பார்ப்பார்கள், இரவுக்குள் அவசரத் திருத்தம் போட முடியும். 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தபோது, மற்ற ஊர்க்காரர்களுக்கு வார நாளாக இருந்த வெள்ளியன்று நாம் வீட்டில் இருந்தோம். 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிய பிறகு அந்தக் குழப்பம் இல்லை. ஆனாலும் வெள்ளி மாலை அப்டேட் போடாதீர்கள்.

உங்கள் கையில் இல்லாத முடிவுகள்

சில கோபம் நீங்கள் செய்யாத காரியத்துக்காக வரும். 2024 மே 3 அன்று, ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமைக் கணினியில் விளையாடுவோர் சோனியின் பிளேஸ்டேஷன் கணக்கை இணைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அந்தச் சேவையே இல்லாத நாடுகள் நிறைய. ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஆரோஹெட் குழுவின்மேல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான எதிர் விமர்சனங்கள் கொட்டின. மூன்று நாளில் சோனி பின்வாங்கியது. முடிவு வெளியீட்டாளருடையது, அடி கேம் செய்தவர்களுக்கு. வெளியீட்டாளரோடு ஒப்பந்தம் போடும்போதே, ஆட்டக்காரரைப் பாதிக்கும் எந்த மாற்றத்தையும் இத்தனை நாள் முன்னதாக உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

நீங்களும் ஒரு முறை மறுபக்கத்தில் நின்றிருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி நிறுவனம், தன் இன்ஜினில் செய்த கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் என்று அறிவித்தபோது, இந்தப் பகுதியில் யூனிட்டியில் வேலை செய்த ஒவ்வொரு குழுவும் கொதித்தது. வருடக்கணக்கில் உழைத்தபின் விதியை மாற்றுகிறார்களே என்றுதான் அந்தக் கொதிப்பு. பத்து நாளில் கட்டணத்தைக் குறைத்தார்கள், அடுத்த மாதமே தலைமை அதிகாரி விலகினார், ஒரு வருடத்தில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அப்படியும் பலர் வேறு இன்ஜினுக்குப் போய்விட்டார்கள். அந்த நாளில் யூனிட்டியிடமிருந்து நீங்கள் எந்த வார்த்தையை எதிர்பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆட்டக்காரர் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதே வார்த்தைதான்.

விளையாடாதவர்களும் பார்க்கிறார்கள்

2017 செப்டம்பரில் தைவான் குழு ஒன்று செய்த ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ கேம் ஸ்டீமில் வந்தது. இயேசுவும் புத்தரும் பிற தெய்வங்களும் ஒருவரோடொருவர் மோதும் சண்டை கேம். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அதை நீக்கச் சொன்னது. நீக்கத் தாமதமானதால் ஸ்டீம் கடை முழுவதுமே இந்த நாட்டில் முடக்கப்பட்டது. வெளியீட்டாளர் மலேசியாவில் அந்தக் கேமை எடுத்த பிறகே கடை திரும்பத் திறந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான கேம்களின் விற்பனையும் அந்த இடைவெளியில் நின்றது.

கேமே விளையாடாத ஒரு பள்ளிவாசல் நிர்வாகி, ஒரு கோயில் தலைவர், ஒரு தாய் ஆகியோரும் உங்கள் வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை உள்ளவர்கள் என்பதை நம் நாட்டில் வேலை செய்பவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தோட்டத்துக் காவல் தெய்வங்களை வைத்துக் கேம் செய்ய நினைக்கும் தமிழ் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள், அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முனீஸ்வரரை அடித்து வீழ்த்த வேண்டிய எதிரியாக வைக்கும் முன், அவருக்கு வருடாவருடம் படையல் போடும் ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் அவர் சொல்லும் கதை நீங்கள் யோசித்ததைவிட நன்றாகவே இருக்கும்.

வசை

இதுவரை சொன்னதெல்லாம் குறை சொல்பவரைப் பற்றி. மிரட்டுபவருக்கு இந்த அத்தியாயத்தில் எந்தச் சலுகையும் இல்லை. கேமைத் திட்டலாம், முடிவைத் திட்டலாம், விலையைத் திட்டலாம். குழுவில் இருக்கும் ஒரு பெண்ணின் படத்தை எடுத்துப் போட்டு ஆபாசமாக எழுதினால், வீட்டு முகவரியைத் தேடிப் பரப்பினால், சாதியையோ இனத்தையோ இழுத்தால், அந்த ஆள் ஆயிரம் மணி நேரம் விளையாடியிருந்தாலும் உடனே நீக்குங்கள், விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நீக்கும் முன் அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

2024 ஜூலையில் இணையத்தில் புகழ்பெற்றிருந்த ஒரு மலேசியத் தமிழ்ப் பெண், தொடர்ந்த இணைய வசைக்குப் பிறகு உயிரிழந்தார். நம் சமூகம் முழுவதும் அழுதது. அதன்பின் தண்டனைச் சட்டத்தில் இணையத் துன்புறுத்தலுக்கான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் புகார் கொடுக்கலாம். ‘இணையம் என்றால் இப்படித்தான், கண்டுக்காதே’ என்று குழுவின் இளையவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

விமர்சனங்களைப் படிக்கும் வேலையை ஒரே ஆளின் தலையில் போடக்கூடாது. வாரம் ஒருவர் என்று முறை வையுங்கள். படிக்கும் வாரத்தில் அவருக்கு நிரல் வேலையைக் குறையுங்கள். சொந்தக் கணக்கில் ஊழியர்கள் ரசிகரோடு வாதிடலாமா கூடாதா என்பதையும் கேம் வெளிவரும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் ‘கில்ட் வார்ஸ் 2’ செய்யும் ஆரினாநெட், ஆட்டக்காரர் ஒருவருடன் ட்விட்டரில் நடந்த வாக்குவாதத்துக்காக இரண்டு எழுத்தாளர்களை வேலையிலிருந்தே நீக்கியது. அந்த முடிவு இன்றும் சர்ச்சைக்குரியது. விதி முன்பே எழுதப்பட்டிருந்தால் கோபத்தின் நடுவில் யாருடைய வேலையும் போகாது.

மூடும் நாள்

இணைய கேம் செய்தவர்கள் என்றாவது ஒரு நாள் சர்வரை நிறுத்த வேண்டி வரும். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ கேமின் சர்வரை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் அதைத் திறக்க முடியாமல் போனது. அந்தக் கோபத்திலிருந்து கிளம்பியதுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுக்கும் மனுவுக்கு 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

சர்வர் இல்லாமல் தனியாக விளையாடும் வழியைக் கேமைத் தொடங்கும்போதே வடிவமைத்துவிடுங்கள். கடைசியில் சேர்ப்பதற்குப் பணமும் இருக்காது, ஆளும் இருக்காது. மூடும் அறிவிப்பை ஆறு மாதம் முன்பே போடுங்கள். அதில் கேம் விற்பனை நிற்கும் நாள், உள்ளே பொருள் வாங்குவது நிற்கும் நாள், சர்வர் அணையும் நாள் மூன்றும் இருக்கட்டும். பொருள் விற்பனையை அறிவிப்பு போட்ட அன்றே நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து, மூடப்போகும் கடையில் காசு வாங்கக்கூடாது. சர்வர் அணைந்த பிறகும் உங்கள் மின்னஞ்சல் முகவரியை ஒரு வருடம் திறந்து வையுங்கள். பழைய சேமிப்புக் கோப்பைத் தரமுடியுமா, தான் கட்டிய வீட்டின் படமாவது கிடைக்குமா என்று கேட்டு எழுதுகிறவர்கள் அப்போதுதான் வரத் தொடங்குவார்கள். கோப்புகளை அழிக்காமல் அதுவரை வைத்திருங்கள், கேட்டவருக்கு அனுப்பிக் கொடுங்கள்.